குற்றவாளியா, சுற்றவாளியா? வழக்கு வந்தால் நாம் அறிந்திருக்க வேண்டியவை

(தோட்டத் தலைவர், தலைவியர் மற்றும் இளைஞர் பிரதிநிதிகளுக்கான கூட்டத்தில் எமது சங்கத்தின் சட்டப் பிரிவு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், பேர், கொழுந்து நிறுவை, லயத்துக் கூரை என்று எத்தனையோ விடயங்களை நாம் கூடிப் பேசியிருக்கிறோம். வழக்கைப் பற்றி மட்டும் இதுவரை உட்கார்ந்து பேசியதில்லை. “பொலிஸ் கோடு நமக்கு எதுக்கு, நாம என்ன களவா எடுக்குறோம்” என்று விலகிப் போவோம். ஆனால் எங்கள் தோட்டங்களில் மாதத்துக்கு ஒருவராவது ஏதோ ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். விறகுக் கட்டு, கொழுந்து மூட்டை, எல்லைச் சண்டை, வேலைநிறுத்த நேரத்தில் துரையோடு ஏற்பட்ட வாக்குவாதம் என்று காரணம் மாறும். அன்று அந்தக் குடும்பம் முதலில் ஓடி வருவது உங்களிடம்தான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிடும்.

அதனால் முதலில் எமது பிழை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

எமது அங்கத்தவர் ஒருவருடைய மகன், இருபது வயதைத் தாண்டிய பையன், ஒரு மூட்டைக் கொழுந்தோடு பிடிபட்டான். தோட்டத்துக் கொழுந்தைக் களவெடுத்து வெளியில் விற்கப் போனான் என்பது முறைப்பாடு. அந்தக் கொழுந்து கிராமத்து எல்லையில் உள்ள அவனுடைய மாமாவின் அரை ஏக்கரில் பறித்தது. சாட்சி சொல்ல மாமா இருந்தார், நிறுத்து வாங்கும் கொழுந்து வியாபாரி இருந்தார். ஆனால் வழக்கு நாளன்று கோட்டுக்கு வெளியே நின்ற எமது ஆட்களே அவனிடம், “ஒத்துக்கிட்டா தண்டப்பணத்தோட முடிஞ்சுரும், இன்னைக்கே வீட்டுக்குப் போயிறலாம். இல்லாட்டி வருஷக்கணக்கா இழுபடும்” என்று சொன்னார்கள். அவன் கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டான். தண்டப்பணத்தையும் நாமே சேர்த்துக் கட்டினோம். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தோம்.

இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்கப் போனபோது அந்தத் தண்டனை அதில் இருந்தது. வேலை கைநழுவியது. அவன் எங்களிடம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான்: “நான் களவெடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்தானே தலைவரே, அப்புறம் ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீங்க?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்னொரு பிள்ளை இன்னொரு தலைவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. இன்றைய கூட்டத்தைக் கூட்டியது அதற்காகத்தான்.

முறைப்பாடு வேறு, குற்றம் வேறு

ஒருவர் மீது முறைப்பாடு எழுதப்பட்டதால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். பொலிஸார் கூட்டிக்கொண்டு போனாலும், விளக்கமறியலில் வைத்தாலும் அப்படித்தான். எமது நாட்டின் அரசியலமைப்பு 13ஆம் உறுப்புரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி என்றே கருதப்பட வேண்டும். நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுத்தவருடைய வேலை. நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாத அளவுக்கு அவர் நிரூபிக்க வேண்டும். “நான் செய்யவில்லை” என்று நிரூபிக்கும் பாரம் பொதுவாக எங்கள் ஆள் தலையில் இல்லை.

ஒவ்வொரு குற்றத்துக்கும் சில அம்சங்கள் உண்டு. அவை எல்லாவற்றையும் நிரூபித்தால்தான் குற்றம் நிற்கும். களவு என்றால் பொருள் இன்னொருவருடையதாக இருக்க வேண்டும், அவருடைய சம்மதம் இல்லாமல் எடுத்திருக்க வேண்டும், நேர்மையற்ற எண்ணமும் இருந்திருக்க வேண்டும். அந்தப் பையனின் வழக்கில் முதல் அம்சமே இல்லை. மூட்டை அவன் கையில் இருந்தது உண்மை. கொழுந்து தோட்டத்துடையது என்பதுதான் பொய்.

இதற்கு எங்கள் சமூகத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. எழுபது வருடங்களுக்கும் முன்னர், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தோட்டத் தொழிலாளி ஒருவர் லயத்தை விட்டு வெளியேறவில்லை என்று அவர் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. அந்த வழக்கு அன்றைய கடைசி நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அத்துமீறல் குற்றமாக வேண்டுமானால் தொந்தரவு கொடுக்கும் எண்ணம் இருக்க வேண்டும். அவர் அங்கே தங்கியது துரைக்குத் தொந்தரவு கொடுக்க அல்ல, அது அவருடைய வீடு என்பதால் தங்கினார். துரைக்குத் தொந்தரவாக இருக்கும் என்று தெரிந்திருந்தாலும் அது மட்டும் குற்றமாகாது என்று சொல்லித் தண்டனையை நீக்கினார்கள். லயத்து அறையில் வாழ்ந்த ஒரு சாதாரணத் தொழிலாளி “சுற்றவாளி” என்று சொல்லி நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது. இன்றுவரை சட்டத்தரணிகள் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

பொலிஸார் வந்தால்

கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் அரசியலமைப்பு தந்த உரிமை. “எதற்காகக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். இழுபறிப்படாதீர்கள், தடுக்காதீர்கள், ஓடாதீர்கள். கடமையைத் தடுத்தார் என்று இரண்டாவது வழக்கு வந்துவிடும்.

பெண் ஒருவரைச் சோதனை செய்வதென்றால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும். அதையும் கண்ணியமாகச் செய்ய வேண்டும்.

கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. சில விசேட சட்டங்களின் கீழ் மட்டுமே வேறு விதிகள் உண்டு. ஆகவே கூட்டிக்கொண்டு போன நேரத்தை வீட்டார் உடனே எழுதி வையுங்கள். எந்தப் பொலிஸ் நிலையம், வந்த உத்தியோகத்தரின் பெயர் அல்லது இலக்கம், வாகன இலக்கம் இவற்றையும் பிள்ளையின் கொப்பியில் என்றாலும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே சாட்சியாகும்.

பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி ஒருவர் போய் எங்கள் ஆளுக்காகப் பேசலாம். அதற்கான விதிகள் 2012இல் வர்த்தமானியில் வெளியாகின. “இங்கே லோயருக்கு வேலை இல்லை” என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

வாக்குமூலமும் கையெழுத்தும்

பெயர், விலாசம், அடையாள அட்டை விபரம் கேட்டால் சொல்லுங்கள். ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல எவரும் கட்டுப்பட்டவரல்லர். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையே அதைச் சொல்கிறது. “எனது சட்டத்தரணியோடு பேசிய பிறகு சொல்கிறேன்” என்பது குற்றமல்ல, மரியாதைக் குறைவுமல்ல.

வாக்குமூலத்தை எழுதிய பிறகு வாசித்துக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். எங்கள் பகுதிகளில் பெரிய சிக்கல், அது சிங்களத்தில் எழுதப்படுவதுதான். எழுதியது விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். “எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் எழுதுங்கள், இல்லையென்றால் தமிழில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ ஒருபோதும் வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விடயம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் எங்கள் ஆளுக்கு எதிராகச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும் நிலைமை வேறு. அதேநேரம், நாம் சொன்னதை வைத்து ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது எங்களுக்கு எதிராக வரும்.

இந்தப் பாதுகாப்புத் தோட்டத்து ஒபிஸில் இல்லை என்பதைக் கவனியுங்கள். துரை பொலிஸ்காரர் அல்லர். “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு, பொலிசுக்குப் போகாம முடிச்சுருவோம்” என்று ஒபிஸில் வாங்கும் கடிதம் நாளை நீதிமன்றத்துக்கும் வரலாம், வேலை நீக்க விசாரணைக்கும் வரலாம். பயமுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கியது என்று எதிர்க்க வழி உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு போராடுவது கஷ்டம். தலைவர் வராமல், வாசித்து விளங்காமல் ஒபிஸில் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அடித்தால், மிரட்டினால்

யாரையும் சித்திரவதை செய்யவோ இழிவாக நடத்தவோ முடியாது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை தனியான குற்றம். அடி விழுந்திருந்தால் நீதவான் முன் போகும் முதல் நாளிலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேளுங்கள். காயம் ஆறிய பிறகு சொன்னால் நிரூபிப்பது கடினம்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர அழைப்பு இலக்கம் 1996.

பிணை: காசு உள்ளவனுக்கு மட்டுமல்ல

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. பிணை கொடுக்கக்கூடிய குற்றமென்றால் அது உரிமை. பொலிஸ் நிலையத்திலேயே பிணையில் விடவும் முடியும். பிணை கொடுக்க முடியாதவை என்று வகைப்படுத்தப்பட்ட குற்றங்களிலும் நீதவான் தன் தற்றுணிபின்படி பிணை தரலாம். ஓடிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார் போன்ற காரணங்கள் இருந்தால் மறுக்கலாம். கொலை வழக்கில் மேல் நீதிமன்றம் போக வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் பிணை மிகவும் கடினம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பிணை என்றதும் ரொக்கக் காசு என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். தன் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டுப் போகவும் விடலாம், சரீரப் பிணையிலும் விடலாம். சரீரப் பிணைக்கு வருபவர் தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், சம்பளத் துண்டு ஆகியவற்றோடு வர வேண்டியிருக்கும். எங்கள் ஆட்கள் இரண்டு வாரம் உள்ளே கிடப்பது பெரும்பாலும் இந்தக் கடதாசிகள் இல்லாததால்தான். லயத்தில் வீட்டு இலக்கம் இல்லாததால் வதிவிடச் சான்று எடுப்பதும் இழுபடும். ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் சரீரப் பிணை நிற்கக்கூடிய நான்கைந்து பேரைத் தலைவர்மார் முன்கூட்டியே தயார்படுத்தி வையுங்கள். விதித்த தொகையைக் கட்ட முடியாவிட்டால் குறைக்கும்படி சட்டத்தரணி மூலம் கேட்கலாம்.

பிணையில் வந்த பிறகு தவணைக்குப் போகாமல் விடாதீர்கள். “அன்னைக்குப் பேர் போயிரும்” என்று பிரட்டுக்குப் போனால், கோட்டிலிருந்து பிடியாணை வரும். பிணை நின்ற அண்ணனும் சேர்ந்து மாட்டுவார்.

அந்த ஓர் எழுத்து

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்பார்கள். கூண்டில் நிற்பவருக்கு நெஞ்சு படபடக்கும். இரண்டு சொல்லுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் “குற்றவாளி” என்று சொன்னால் விசாரணையே இல்லை. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, அப்படியே தண்டனைதான். பிறகு மேன்முறையீட்டு வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

வாசிப்பது சிங்களத்தில் என்றால் மொழிபெயர்ப்புக் கேளுங்கள். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டியது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. விளங்காமல் தலையாட்டக்கூடாது. “எனக்கு விளங்கவில்லை ஐயா” என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. “சட்டத்தரணி வைக்கத் தவணை வேண்டும்” என்றும் கேட்கலாம். சட்டத்தரணி மூலம் வாதாடுவது குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை.

உண்மையில் தவறு செய்தவர் ஒத்துக்கொள்வதை நாம் தடுக்கவில்லை. அது அவருடைய மனச்சாட்சி. ஆனால் அவரும் சட்டத்தரணியிடம் பேசிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முதல் தடவை, சிறிய குற்றம் என்றால், தண்டனைத் தீர்ப்பு எழுதாமல் நிபந்தனையோடு விடுவிக்கும்படி கேட்க வழி உண்டு. சிறு காயம், அயல் சண்டை போன்றவற்றை மத்தியஸ்த சபையில் சமாதானமாகத் தீர்க்கலாம். தண்டப்பணத்தை ஒரே நாளில் கட்ட முடியாவிட்டால் அவகாசமோ தவணை முறையோ கேட்கலாம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகும் ஏழைகள் இந்த நாட்டில் ஏராளம். எங்கள் ஆள் அதில் ஒருவராகக்கூடாது.

சுற்றவாளி என்று சொன்னால் விசாரணை நடக்கும். அரச தரப்புச் சாட்சிகளை எங்கள் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார். எங்கள் சாட்சிகளையும் அழைக்கலாம். எங்கள் ஆள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லலாம், ஏறாமல் மௌனமாகவும் இருக்கலாம். தீர்ப்பு எதிராக வந்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். பதினைந்தாம் நாள் எங்களிடம் வந்து அழுவதில் பிரயோசனமில்லை.

வேலைநிறுத்தமும் வழக்கும்

சங்கத்தில் சேர்வதும் அமைதியாக ஒன்றுகூடுவதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த சுதந்திரம். வேலைநிறுத்தம் செய்வது குற்றமல்ல. ஆனால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குற்றம் செய்யும் பொது நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டமாகிவிடும். அப்போது கல்லெறிந்தவர் ஒருவராக இருந்தாலும், அந்த நோக்கத்தோடு நின்ற எல்லோரும் மாட்டலாம். துரையை ஒபிஸுக்குள் பூட்டி வைப்பது, லொறியை உடைப்பது, கங்காணியை அடிப்பது எல்லாம் வழக்கைத் தேடி நாமே போவதாகும். அடிதடிக்குச் சங்கம் கவசமாகாது. இதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறோம்.

வழக்கு வந்தவுடன் வேலையும் போய்விட்டால் அது தனி வழக்கு. வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபையில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “கோட்டு வழக்கு முடியட்டும், பார்த்துக்கொள்வோம்” என்று காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். இரண்டையும் ஒன்றாக நடத்த வேண்டும்.

லோயருக்குக் காசு இல்லையே?

வருமானம் குறைந்தவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நீதிமன்றங்கள் உள்ள பல நகரங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. சம்பளத் துண்டையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேல் நீதிமன்ற வழக்கில் சட்டத்தரணி வைக்க வழியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். கோட்டு வாசலில் நின்று “ஐயாவுக்குச் சொல்லி முடிச்சுத் தாறேன்” என்று காசு கேட்கும் தரகர்களை நம்பாதீர்கள். யாராவது இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது எதுவும் சட்டப்படி குற்றமாகாது. 2018இல் அந்த வயது எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. சின்னப் பிள்ளையைத் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். தாய் தகப்பன் கூடவே போங்கள்.

முடிவாக

தலைவர்மாரே, தலைவிமாரே, இன்றிலிருந்து நாம் ஒரு தீர்மானம் எடுப்போம். கோட்டு வாசலில் எமது வாயிலிருந்து “ஒத்துக்கொள்” என்ற வார்த்தை வரக்கூடாது. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்போம். என்ன குற்றச்சாட்டு என்று விளங்கியதா? உண்மையில் என்ன நடந்தது? சட்டத்தரணியிடம் பேசியாயிற்றா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை தவணை கேட்போம். அன்றைக்குப் போகும் ஒரு பேரைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பையன் இப்போது ஊரிலேயே மேசன் வேலை செய்கிறான். இந்தக் கூட்டத்தைக் கூட்டப்போகிறோம் என்று சொன்னபோது, “என் கதையையும் சொல்லுங்க, பேரை மட்டும் சொல்லாதீங்க” என்றான். சொல்லிவிட்டோம். இனி அதை உங்கள் லயங்களுக்கு எடுத்துச் செல்வது உங்கள் பொறுப்பு.